காமராஜரின் இரண்டு வீடுகள்: விருதுநகர் முதல் தியாகராய நகர் வரை

முதல் நாள், விருதுநகர்

காமராஜர் பிறந்த வீட்டையும் இறந்த வீட்டையும் ஒரே பயணத்தில், ஒன்றையடுத்து ஒன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. முன்னது விருதுநகரில் இருக்கிறது. பின்னது சென்னை தியாகராய நகரில், திருமலைப் பிள்ளை சாலையில் இருக்கிறது. இரண்டையும் தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை நினைவு இல்லங்களாகப் பராமரித்து வருகிறது. பிறந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை என்பதால், காலையில் மதுரையில் பேருந்து ஏறி வெயில் ஏறுவதற்குள் விருதுநகர் வந்து சேர்ந்தேன்.

விருதுநகர் ஒரு வணிகரின் ஊர். எண்ணெய், மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு என்று கடைவீதியில் நடக்கும்போது மூக்கே எந்தக் கடை எது என்று சொல்லிவிடுகிறது. நாளேடுகளின் வணிகப் பக்கத்தில் 'விருதுநகர் சந்தை நிலவரம்' என்று தனியாக விலை வெளியாகும் அளவுக்கு இந்த ஊரின் மொத்த வியாபாரத்துக்குச் செல்வாக்கு உண்டு. விருதுபட்டி என்ற பழைய பெயரோடு இருந்த இந்த ஊரில்தான் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாகக் காமராஜர் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று அழைக்கப்பட்ட குழந்தையை, தாய் ராஜா என்று கொஞ்ச, இரண்டும் சேர்ந்து காமராஜா ஆயிற்று என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய அனைவரும் குறிப்பிடும் செய்தி.

கடைவீதியை விட்டு விலகி, ஒருவர் நின்று பேசினால் மற்றவர் ஒதுங்கிச் செல்ல வேண்டிய அளவுக்குக் குறுகலான தெருவில் நுழைந்தபோது, வழி கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. என்னைப் பார்த்ததும் வாசலில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், "காமராஜர் வீட்டுக்கா அண்ணாச்சி? நேரா போங்க" என்று கை காட்டிவிட்டார். வெளியூர் முகம் இந்தத் தெருவில் நுழைந்தால் அதற்கு வேறு காரணம் இருக்க முடியாது போலும். இரு பக்கமும் மக்கள் குடியிருக்கும் வீடுகளுக்கு இடையே, சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறது நினைவு இல்லம். அறிவிப்புப் பலகையை எடுத்துவிட்டால் அது தெருவின் இன்னொரு வீடு மட்டுமே.

உள்ளே நுழைவுக் கட்டணம் இல்லை. பார்த்து முடிப்பதற்கு அதிக நேரமும் ஆகாது, ஏனென்றால் பொருள்கள் என்று சொல்லத்தக்கவை குறைவு. சுவர் நிறையப் புகைப்படங்கள்தான் இருக்கின்றன. நேருவுடன், லால் பகதூர் சாஸ்திரியுடன், இந்திரா காந்தியுடன், அணைக்கட்டுத் திறப்பு விழாக்களில், பள்ளிக்கூட நிகழ்ச்சிகளில் என்று அவை வரிசையாகத் தொங்குகின்றன. அந்தப் படங்களில் உள்ள இடங்களுக்கும் அவை மாட்டப்பட்டிருக்கும் இந்த வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது சற்று நேரம் நின்ற பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு வயதை ஒட்டிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தாய்மாமனின் துணிக்கடையில் உட்கார்ந்த சிறுவன், பதினாறு பதினேழு வயதிலேயே காங்கிரஸ் ஊர்வலங்களில் கொடி பிடிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு சிறையில் மட்டும் மொத்தமாக ஒன்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகக் கழித்தார். வெளியில் இருந்த நாள்களிலும் கட்சி வேலை அவரைச் சென்னைக்கும் மாவட்டங்களுக்கும் இழுத்துக்கொண்டே இருந்தது. கணக்குப் பார்த்தால் இந்த வீட்டில் அவர் வாழ்ந்த காலத்தைவிட, அவர் வருவார் என்று காத்திருந்தவர்கள் வாழ்ந்த காலமே மிக அதிகம். ஆறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளையையும் அவனுடைய தங்கை நாகம்மாளையும் வளர்த்து, மகன் முதலமைச்சரான பின்னும் இங்கேயே தங்கிவிட்ட சிவகாமி அம்மாளின் வீடு என்று இதைச் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்தத் தாயைப் பற்றி இங்கு வருவோர் அனைவரும் அறிந்த கதைகள் இரண்டு உண்டு. முதலாவது குடிநீர்க் குழாய் பற்றியது: முதலமைச்சரின் தாய் என்பதற்காக நகராட்சியினர் இந்த வீட்டுக்குத் தனியாகக் குழாய் இணைப்புக் கொடுத்ததாகவும், செய்தி அறிந்த மகன் அதைத் துண்டிக்கச் சொல்லிவிட்டதாகவும் கதை போகிறது. இரண்டாவது மாதச் செலவு பற்றியது: மகன் அனுப்பிய 120 ரூபாய் போதவில்லை, சற்றுக் கூட்டி அனுப்ப வேண்டும் என்று தாய் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார் என்பார்கள். நான் அங்கிருந்தபோது சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தில், தகப்பனார் தம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரி வயதில் இருந்த மகள் மட்டும், "அந்தப் பாட்டி தெருக் குழாய்க்குப் போய்த்தானப்பா தண்ணி எடுத்திருப்பாங்க?" என்று கேட்டாள். தகப்பனார் பதில் சொல்லாமல் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்.

நேர்மையின் விலையை அந்த மனிதர் கொடுத்தார் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதில் ஒரு பங்கை இந்த வீட்டில் இருந்த வயதான பெண்மணியும் கொடுத்திருக்கிறார் என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை.

இரண்டாம் நாள், விருதுநகர்

நேற்றைய வீடு காமராஜரை எளிமையான மகனாக மட்டுமே காட்டிவிட்டது என்ற குறை மனத்தில் இருந்ததால், அவர் அரசியல்வாதியாக உருவான இடங்களை நடந்தே பார்த்துவிடலாம் என்று காலையிலேயே கிளம்பினேன்.

முதலில் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி. இவ்வூர் நாடார் வணிகர்கள் தங்களுக்குள் விதித்துக்கொண்ட மகமைப் பணத்தில் 1889இல் தொடங்கப்பட்டது இப்பள்ளி. வீடுதோறும் நாளும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்து, அதைத் திரட்டி விற்ற பணமும் இதற்குச் சேர்ந்ததால் பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்ற பெயரும் வழங்கியது. காமராஜர் இங்கேதான் படித்தார், பாதியில் நின்றார். கட்டணம் இல்லாத கல்வி, ஊரார் பொறுப்பில் நடக்கும் பள்ளி ஆகியவற்றைச் சிறுவனாக அவர் கண்ணால் கண்டது இங்கேதான். 1954இல் முதலமைச்சரானதும் ராஜாஜி கொண்டுவந்த, எதிர்ப்பாளர்கள் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டதும், 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊராரின் நன்கொடையையும் அரிசியையும் அதில் சேர்த்துக்கொண்டதும் இந்தப் பள்ளியின் வாசலில் நின்று யோசித்தால் வேறு விதமாகத் தெரிகின்றன. இரக்கம் மட்டும் அந்தத் திட்டத்தை நடத்தவில்லை. ஊர்ப்பணத்தில் ஒரு நிறுவனத்தை நடத்தத் தெரிந்த சமூகத்தின் அனுபவமும் அதில் இருந்தது.

அடுத்தது தேசபந்து மைதானம். சித்தரஞ்சன் தாஸின் நினைவாகப் பெயரிடப்பட்ட இந்தத் திடலில்தான் விருதுநகரின் காங்கிரஸ் கூட்டங்கள் நடந்தன. இன்று நான்கு புறமும் கடைகளும் வாகனங்களும் நெருக்குகின்றன. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, பேச்சாளரை வரவழைப்பது, பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பணம் திரட்டுவது போன்ற, மேடையில் தெரியாத வேலைகளைச் செய்தே வளர்ந்தவர் அவர். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டதற்காக அலிப்பூர் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1933இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் சேர்க்கப்பட்டபோது வரதராஜுலு நாயுடுவும் மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடி அவரை விடுவித்தனர். 1941இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே இந்நகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் வந்து, முழு நேரமும் கவனிக்க முடியாத பதவியை வகிப்பது சரியல்ல என்று உடனே விலகிவிட்டார்.

மைதானத்துக்கு அருகில் தேநீர் குடிக்க நின்ற கடையில், 1967 தேர்தல் பற்றிப் பேச்சை எடுத்தேன். தமிழ்நாட்டின் அரசியல் வரலாற்றில் இவ்வூர் மறக்க முடியாத இடத்தைப் பெற்றது அந்த ஆண்டில்தான். அகில இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்தவர், இரண்டு பிரதமர்களை உருவாக்கியவர், சொந்த ஊர்த் தொகுதியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். கடைக்கார அண்ணாச்சிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அப்போது சிறு பையன். "எங்கப்பா ரெண்டு நாள் கடை திறக்கல அண்ணாச்சி" என்றார். உடனே பக்கத்தில் நின்றவர் சிரித்துக்கொண்டே, "அப்ப ஓட்டுப் போடாதது யாராம்? எல்லாரு அப்பாவும் அழுதிருக்காக, ஆனா தோத்தது எப்படின்னு ஒருத்தருக்கும் தெரியல" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தோம். அரிசித் தட்டுப்பாடு, மொழிப் போராட்டம், இருபது ஆண்டு ஆட்சியின் அலுப்பு, எதிர்க்கட்சிகளின் கூட்டணி என்று காரணங்களை அடுக்கலாம். ஆனால் நேற்று பார்த்த வீட்டுச் சுவரில் அந்தத் தோல்வியை நினைவூட்டும் எதுவும் என் கண்ணில் படவில்லை.

இரவு நெல்லை விரைவு வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டேன்.

மூன்றாம் நாள், சென்னை

தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் கிண்டிக்கு வந்தேன். காந்தி மண்டப வளாகத்தில் காமராஜரின் நினைவிடம் இருக்கிறது. அதே வளாகத்தில் ராஜாஜிக்கும் பக்தவத்சலத்துக்கும் நினைவிடங்கள் உள்ளன. அடுத்தடுத்து முதலமைச்சர்களாக இருந்த மூவர் நடக்கும் தூரத்தில் அமைந்திருப்பதைப் பார்த்தால் அவர்கள் ஒரே அணியில் நின்றவர்கள் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். ராஜாஜிக்கும் காமராஜருக்கும் இடையே நாற்பதுகளிலிருந்து நடந்த பூசலோ, 1954இல் ராஜாஜி விலகியபோது அவருடைய ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியத்தைத் தோற்கடித்து இவர் தலைவரானதோ இங்கே பேசப்படுவதில்லை. வென்ற கையோடு, தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டது, என் கணிப்பில், அவருடைய அரசியல் வாழ்வின் மிகச் சாமர்த்தியமான செயல். 1971 தேர்தலில் ராஜாஜியும் காமராஜரும் ஒரே கூட்டணியில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வளாகத்தில் சொல்லப்படாமல் கிடக்கும் கதை எவ்வளவு சுவையானது என்பது புரியும்.

மதியத்துக்கு மேல் தியாகராய நகரில் ஆற்காடு தெருவிலுள்ள எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குச் சென்றேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே இதைத் திட்டத்தில் சேர்த்திருந்தேன். அவர் குடியிருந்தது ராமாவரம் தோட்டத்தில். இது அவருடைய அலுவலகமாக இருந்த கட்டடம். கூட்டம் இங்கே அதிகம். டி.எம்.எக்ஸ். 4777 என்ற எண்ணுள்ள அம்பாசடர் காரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கும் சிங்கத்தின் முன்னால் பிள்ளைகள் அசையாமல் நிற்கிறார்கள். திரைப்பட வெற்றி விழாக் கேடயங்கள், பரிசுப் பொருள்கள், பாரத ரத்னா என்று அறைக்கு அறை பார்ப்பதற்குப் பொருள்கள் இருக்கின்றன. பொருள்களை வைத்துக் கதை சொல்லும் கலை இந்த வீட்டுக்கு இயல்பாகவே வாய்த்துவிட்டது. தி.மு.க.வில் இருந்துகொண்டே காமராஜரின் பிறந்தநாள் கூட்டத்தில் அவரைத் தம் தலைவர் என்றும் அண்ணாவைத் தம் வழிகாட்டி என்றும் பேசி, கட்சிக்குள் கண்டனத்துக்கு ஆளானவர் எம்.ஜி.ஆர். அவர் 1982இல் விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தின் வேர் 1956இல் இருக்கிறது. அந்த உறவின் தடத்தை இங்கும் தேடினேன். சிங்கத்துக்கும் காருக்கும் நடுவே அது எடுபடவில்லை.

நான்காம் நாள், திருமலைப் பிள்ளை சாலை

காலையில் பாண்டி பஜார் வழியாக நடந்து, ஜி.என். செட்டி சாலையைக் கடந்து திருமலைப் பிள்ளை சாலைக்குள் நுழைந்தபோது நகரின் இரைச்சல் சற்றுத் தணிந்தது. மரங்களும் பழைய சுற்றுச்சுவர்களும் இன்னும் மிச்சமிருக்கும் சாலை. காமராஜர் இங்கே வாடகைக்குக் குடியிருந்தார். முதலமைச்சராக இருந்தபோதும், அகில இந்தியத் தலைவராக இருந்தபோதும் சென்னையில் அவருடைய முகவரி இதுவே. விருதுநகர் வீட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய வீடு. அவர் ஏழைக் குடிசையில் வாழ்ந்தார் என்று மேடைகளில் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் மனு கொண்டுவருவோரும் வந்துபோகும் ஓர் அரசியல் தலைவருக்குக் கூடம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே அவர் பயன்படுத்திய பொருள்கள் இருக்கின்றன. கட்டில், நாற்காலிகள், கதர் உடைகள், புத்தகங்கள். அரைக்கைச் சட்டையின் அளவைப் பார்த்தால் அந்த மனிதரின் உயரமும் தோள்களின் அகலமும் புகைப்படங்களில் தெரிவதைவிட நன்றாகத் தெரிகின்றன. படிக்காதவர் என்று அவரை எள்ளியவர்களும் உண்டு, அதையே பெருமையாகப் பாடியவர்களும் உண்டு. இரு தரப்பாரும் இந்தப் புத்தகங்களைப் பார்க்க வேண்டும். சிறை நாள்களில் தொடங்கிய வாசிப்பைக் கடைசி வரை அவர் விடவில்லை.

அவர் இறந்தபோது கையில் எவ்வளவு பணம் இருந்தது, எத்தனை வேட்டி சட்டை இருந்தது என்பது பற்றி ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு முன்னால் நடந்த இருவரில் ஒருவர் அறுபது ரூபாய் என்றார். மற்றவர் நூற்று முப்பது என்று திருத்தினார். தொகை எதுவானாலும், மனைவி மக்கள் இல்லாத, சொந்த வீடு வாங்காத, ஒன்பதரை ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த ஒருவரிடம் சேர்த்து வைத்த சொத்து இல்லை என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அதை ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. இந்தக் கூடத்தில் நடந்தவை வேட்டிக் கணக்கைவிடப் பெரியவை.

1963இல் மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்து, அக்டோபர் 2ஆம் நாள் தாமே முதலமைச்சர் பதவியிலிருந்து இறங்கினார். அந்தத் திட்டத்தின்படி ஆறு முதலமைச்சர்களும், மொரார்ஜி தேசாய், சாஸ்திரி, ஜகஜீவன் ராம் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினர். கட்சியைக் காப்பாற்றும் முயற்சி என்று சிலரும், நேருவுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கான காய் நகர்த்தல் என்று சிலரும் இன்றுவரை வாதிடுகிறார்கள். 1964இல் போட்டியின்றிச் சாஸ்திரியைப் பிரதமராக்கியதும், 1966 ஜனவரியில் மொரார்ஜியின் 169 வாக்குகளுக்கு எதிராக இந்திரா காந்தி 355 வாக்குகள் பெறுவதற்கு வழி அமைத்ததும் அவருடைய வேலை. தமக்கே அந்தப் பதவி நீட்டப்பட்டபோது இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் சரளமாக வராது, எப்படிச் சரிப்படும் என்று கேட்டு மறுத்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு நவம்பரில் பசுவதைத் தடை கோரி டெல்லியில் திரண்ட கும்பல் அவர் தங்கியிருந்த வீட்டைத் தாக்கித் தீ வைத்தது. 1969இல் கட்சி பிளந்தது. தாம் பிரதமராக்கியவரே எதிரணியில் நின்றார். அந்த ஆண்டு நாகர்கோவில் மக்கள் தம்மை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது ஒன்றே அவருக்கு ஆறுதல். 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, அகில இந்திய அளவில் அவருடைய சகாக்கள் பலர் சிறைக்குச் சென்றபோது அவர் இந்த வீட்டில் இருந்தார். பதவி விலகிய அதே தேதியில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975 அக்டோபர் 2ஆம் நாள் பிற்பகலில் இங்கேயே உயிர் பிரிந்தது. உதவியாளரிடம் விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படி சொன்னதே கடைசிப் பேச்சு என்பார்கள்.

அந்தக் கடைசி ஆண்டுகளைத்தான் நான் இந்த வீட்டில் எதிர்பார்த்து வந்தேன். யார் யார் இங்கு வந்து உட்கார்ந்தார்கள், எது முடிவாயிற்று, எது கைநழுவிப் போயிற்று என்று ஒரு சுவர் முழுக்கச் சொல்லலாம். இங்கும் படங்களே பேசுகின்றன. அவற்றில் வெற்றி பெற்ற நாள்களே மிகுதி. தோல்வியையும் தனிமையையும் சேர்த்துக் காட்டினால் மரியாதை குறைந்துவிடும் என்ற அச்சம் நம் நினைவு இல்லங்கள் அனைத்திலும் இருக்கிறது. எளிமை என்ற ஒரே குணத்துக்குள் அவரை அடக்கிவிட்டால், பிள்ளைகளுக்குச் சொல்ல வசதியான ஒரு மனிதர் கிடைப்பார். வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்த, எதிரியை அமைச்சராக்கிய, கணக்குப் போட்டு வென்ற, அதே கணக்கில் தோற்ற அரசியல்வாதி கிடைக்க மாட்டார்.

கிளம்புமுன் பணியாளரிடம் கூட்டம் எப்படி என்று விசாரித்தேன். "சாதாரண நாள்ல இப்படித்தான் சார், அஞ்சு பேர் பத்து பேர். ஜூலை பதினஞ்சு வந்து பாருங்க, மாலை வைக்கவே இடம் இருக்காது" என்றார். அது அரசு கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடும் பிறந்தநாள். வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். எனக்கு முந்தைய பக்கங்களில் 'இப்படி ஒரு தலைவர் இனி வருவாரா' என்ற வரி வெவ்வேறு கையெழுத்துகளில் திரும்பத் திரும்ப வந்தது. நான், 1967 தேர்தல் முடிவையும் 1969 பிளவையும் பற்றிய பலகைகளை இரண்டு வீடுகளிலும் வைக்கலாம் என்று எழுதி, 1,285 என்ற எண்ணையும் குறித்துவிட்டுக் கையொப்பமிட்டேன். பணியாளர் அதை நிதானமாகப் படித்தார்.

"தோத்ததையா சார் போர்டுல போடச் சொல்றீங்க?"

"ஆமாம். அதுக்கப்புறமும் எட்டு வருஷம் அரசியலில் இருந்தாரே."

அவர் சிறிது யோசித்துவிட்டு, மேலதிகாரிகள் பார்வையிட வரும்போது அந்தப் பக்கத்தைக் காட்டுவதாகச் சொன்னார்.